சாய்வான பற்றவைப்பு இணைப்பில் வெட்டுத் தகைவு சரியாக வருகிறது, செங்குத்துத் தகைவு மட்டும் தவறுவது ஏன்?

கேள்வி: இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர்

அனைவருக்கும் வணக்கம். பொருள்களின் வலிமையியல் பாடத்தில் ஒரு கணக்கு என்னை மூன்று நாள்களாக அலைக்கழிக்கிறது. 100 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இரண்டு எஃகுத் தகடுகள், ஓரத்தோடு ஓரம் சேர்த்து முழு ஊடுருவலுடன் (தடிமன் முழுவதும் உருகி இணையும்படி) பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. பற்றவைப்புக் கோடு தகட்டின் நீள அச்சுடன் 30 பாகைக் கோணம் அமைக்கிறது. தகடு அதன் அச்சின் வழியே 80 கிலோநியூட்டன் விசையால் இழுக்கப்படும்போது, இணைப்பின் மேல் செயல்படும் செங்குத்துத் தகைவையும் (பரப்பலகுக்கு இணைப்பைத் திறக்க முயலும் விசை) வெட்டுத் தகைவையும் (பரப்பலகுக்கு இணைப்பின் வழியே நழுவச் செய்ய முயலும் விசை) காண வேண்டும்.

குறுக்குவெட்டுப் பரப்பு 1000 சதுர மில்லிமீட்டர் என்பதால் அச்சுத் தகைவு 80 மெகாபாஸ்கல். சாய்தளத்துக்கு வகுப்பில் கொடுத்த சூத்திரங்களின்படி, அச்சுத் தகைவைக் கோசைனின் வர்க்கத்தால் பெருக்கினால் செங்குத்துத் தகைவும், சைனையும் கோசைனையும் கொண்டு பெருக்கினால் வெட்டுத் தகைவும் கிடைக்கும். கோணத்தை 30 பாகை என்று இட்டேன். செங்குத்துத் தகைவு 60 மெகாபாஸ்கல், வெட்டுத் தகைவு 34.64 மெகாபாஸ்கல் என்று வந்தன. விடைப் பகுதியிலோ முறையே 20, 34.64 என்று இருக்கிறது.

சூத்திரத்தை விட்டுவிட்டு விசையையே இரண்டு கூறுகளாகப் பிரித்தும் பார்த்தேன். இணைப்புக்குச் செங்குத்தாக 40 கிலோநியூட்டனும் இணைப்பின் வழியே 69.28 கிலோநியூட்டனும் கிடைத்தன. இவற்றை 1000 சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் 40, 69.28 என்று வருகிறது. இவை விடையோடும் ஒத்துப்போகவில்லை, என் முதல் விடையோடும் ஒத்துப்போகவில்லை.

நான் கோணத்தைத் தவறாக எடுத்திருந்தால் இரண்டு தகைவுகளுமே தவறியிருக்க வேண்டும் அல்லவா? வெட்டுத் தகைவு கடைசி இலக்கம் வரை சரியாக வந்திருப்பதால், விடைப் பகுதியில் அச்சுப் பிழை இருக்குமோ என்றுகூட நினைக்கிறேன். என் பிழை எங்கே என்று யாராவது படிப்படியாகக் காட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1: பாலிடெக்னிக் விரிவுரையாளர்

விடைப் பகுதியில் பிழை இல்லை. நீங்கள் செய்த இரண்டு முயற்சிகளிலும் தனித்தனியாக ஒவ்வொரு பிழை இருக்கிறது. இரண்டாம் முயற்சியில் தொடங்குவது நல்லது, ஏனெனில் சூத்திரம் எங்கிருந்து பிறந்தது என்பது அங்கேதான் தெரிகிறது.

பற்றவைப்புக் கோட்டின் வழியே தகட்டை மனத்தால் வெட்டி, ஒரு பக்கத்துத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையில் 80 கிலோநியூட்டன் இழுவிசை இருக்கிறது. துண்டு அசையாமல் இருக்க வேண்டுமானால், வெட்டிய சாய்முகத்திலும் அச்சின் திசையில் 80 கிலோநியூட்டன் எதிர்விசை இருந்தாக வேண்டும். அந்த விசையைச் சாய்முகத்துக்குச் செங்குத்தாகவும் அதன் வழியேயும் பிரிக்கிறோம். கோட்டுக்கும் அச்சுக்கும் இடையே 30 பாகை என்பதால், செங்குத்துக் கூறு 80 × சைன் 30 = 40 கிலோநியூட்டன், வழிக்கூறு 80 × கோசைன் 30 = 69.28 கிலோநியூட்டன். இதுவரை நீங்கள் செய்தது முழுக்கச் சரி.

அடுத்த வரியில்தான் தவறினீர்கள். இந்த விசைகளைத் தாங்குவது சாய்முகம், தகட்டின் நேர்க்குறுக்குவெட்டு அல்ல. பற்றவைப்பின் நீளம் 100 ÷ சைன் 30 = 200 மில்லிமீட்டர். தடிமன் 10 மில்லிமீட்டர். ஆகவே பரப்பு 2000 சதுர மில்லிமீட்டர். 40,000 நியூட்டனை 2000 ஆல் வகுத்தால் 20 மெகாபாஸ்கல், 69,282 நியூட்டனை 2000 ஆல் வகுத்தால் 34.64 மெகாபாஸ்கல். விடைப் பகுதியில் உள்ள எண்கள் இவையே. சாய்வு விசையையும் மாற்றுகிறது, பரப்பையும் மாற்றுகிறது. செங்குத்துத் தகைவின் சூத்திரத்தில் ஒரு வர்க்கம் வந்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இந்த இரட்டை மாற்றம்தான். விசையை ஒருமுறை கூறாக்கும்போது ஒரு பெருக்கியும், பரப்பு நீளும்போது இன்னொரு பெருக்கியும் சேர்கின்றன. விசையின் கூறுகளைக் கண்டுபிடிப்பது போலவே தகைவின் கூறுகளையும் ஒரே ஒரு பெருக்கியால் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பது மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் பிழை. தகைவு திசையன் அல்ல. எந்தத் தளத்தின் மேல் என்று சொல்லாமல் தகைவைப் பேசவே முடியாது.

இனி உங்கள் முதல் முயற்சி. நீங்கள் பயன்படுத்திய சூத்திரத்தில் உள்ள கோணம், தளத்தின் செங்குத்துக்கோட்டுக்கும் விசையின் அச்சுக்கும் இடைப்பட்டது. வேறு விதமாகச் சொன்னால், பற்றவைப்புத் தளம் நேர்க்குறுக்குவெட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. உங்கள் கணக்கில் கொடுக்கப்பட்டிருப்பதோ பற்றவைப்புக் கோட்டுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட கோணம். ஒன்று 30 பாகை என்றால் மற்றொன்று 60 பாகை. 60 பாகையை இட்டுப் பாருங்கள். 80 × 0.25 = 20 என்று உடனே வந்துவிடும்.

வெட்டுத் தகைவு ஏன் தப்பியது என்பது உங்கள் கேள்வியின் சிறந்த பகுதி. அதில் சைனும் கோசைனும் பெருக்கலாக இருக்கின்றன. கோணத்தை 90 பாகையிலிருந்து கழித்து இட்டால் சைன் கோசைனாகவும் கோசைன் சைனாகவும் இடம் மாறும், பெருக்கல் பலன் மாறாது. எனவே 30 இட்டாலும் 60 இட்டாலும் வெட்டுத் தகைவு 34.64 தான். தவறான கோணம் சரியான விடையைத் தந்துவிடுவதால், வெட்டுத் தகைவு ஒத்துப்போவதை ஒருபோதும் கோணம் சரி என்பதற்கான சான்றாகக் கொள்ளாதீர்கள். பற்றவைப்பு 45 பாகையில் இருந்திருந்தால் செங்குத்துத் தகைவும் ஒத்துப்போய், பிழை கண்ணில் படாமலேயே போயிருக்கும்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, எல்லை நிலைகளை வைத்துச் சோதிக்கும் பழக்கம் நம்பகமானது. பற்றவைப்புக் கோடு அச்சுக்கு இணையாகவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நெடுக்காக ஒட்டிய இரண்டு பட்டைகளைச் சேர்த்து நீளவாக்கில் இழுக்கிறோம், இணைப்பைத் திறக்க முயலும் விசை எதுவுமே இல்லை. ஆகவே கோணம் 0 ஆகும்போது செங்குத்துத் தகைவும் 0 ஆக வேண்டும். கோட்டுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட கோணத்தில் சைன் வர்க்கம்தான் 0 ஆகும், கோசைன் வர்க்கம் 1 ஆகிவிடும். எதை எடுப்பது என்ற ஐயம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.


மறுமொழி 2: கட்டமைப்பு வடிவமைப்புப் பொறியாளர்

மேலே உள்ள விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். அதே கணக்கை மோர் வட்டத்தில் ஒருமுறை வரைந்து பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன். ஒட்டோ மோர் 1882 இல் முன்வைத்த இந்த வரைபட முறை, கணிப்பான்கள் வந்த பின்பும் பாடத்தில் நிலைத்திருப்பதற்குக் காரணம், பிழை எங்கே நிகழ்கிறது என்பதை அது கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

கிடை அச்சில் செங்குத்துத் தகைவையும் நிலை அச்சில் வெட்டுத் தகைவையும் குறியுங்கள். நேர்க்குறுக்குவெட்டைக் குறிக்கும் புள்ளி 80, 0. அதற்குச் செங்குத்தான தளத்தைக் குறிக்கும் புள்ளி 0, 0. எனவே வட்டத்தின் மையம் 40, ஆரம் 40. தளம் எவ்வளவு திரும்புகிறதோ அதைப் போல இரு மடங்கு வட்டத்தில் திரும்ப வேண்டும். 60 பாகைக்கு 120 பாகை திரும்பினால், கிடை ஆயம் 40 + 40 × கோசைன் 120 = 20, நிலை ஆயம் 40 × சைன் 120 = 34.64. உங்கள் தவறான கோணத்துக்கு 60 பாகை திரும்பியிருப்பீர்கள். அது 60, 34.64 என்ற புள்ளியில் கொண்டுபோய் விடுகிறது. இரண்டு புள்ளிகளும் வட்டத்தின் உச்சிக்கு இருபுறமும் ஒரே உயரத்தில் இருப்பதைப் படத்தில் பார்த்தாலே, வெட்டுத் தகைவு ஏன் மாறவில்லை என்பது விளங்கிவிடும்.

உங்களுக்குக் கிடைத்த 60 என்ற எண் பொருளற்றதல்ல என்பதையும் சொல்ல விரும்புகிறேன். அது பற்றவைப்புக் கோட்டின் திசையிலேயே செயல்படும் செங்குத்துத் தகைவு, அதாவது இணைப்புக்குச் செங்குத்தாக வெட்டிய தளத்தின் மேல் உள்ளது. ஒன்றுக்கொன்று செங்குத்தான எந்த இரு தளங்களை எடுத்தாலும் செங்குத்துத் தகைவுகளின் கூட்டுத்தொகை மாறாது. இங்கே 20 + 60 = 80. இதை ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பாக வைத்துக்கொள்ளலாம்.

அந்த 60 ஐ மறந்துவிடுவதால் நேரும் ஒரு பிழையைப் பல அறிக்கைகளில் கண்டிருக்கிறேன். இணைப்பில் 20 மெகாபாஸ்கல் செங்குத்துத் தகைவும் 34.64 மெகாபாஸ்கல் வெட்டுத் தகைவும் இருக்கின்றன என்று கண்ட பிறகு, இவ்விரண்டை மட்டும் வான் மீசஸ் சமன்பாட்டில் (பல தகைவுகளைச் சேர்த்து, ஒற்றை அச்சு இழுவைக்கு ஈடான ஒரே மதிப்பாக்குவது) இட்டு, 20 இன் வர்க்கத்தோடு 34.64 இன் வர்க்கத்தைப் போல மும்மடங்கைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 63.2 மெகாபாஸ்கல் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதே புள்ளியில் உலோகம் சாதாரண ஒற்றை அச்சு இழுவையில், 80 மெகாபாஸ்கலில்தான் இருக்கிறது. அதை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் வான் மீசஸ் மதிப்பு 80 ஆகவே இருக்க வேண்டும். கோட்டின் வழியேயான 60 ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால், 400 − 1200 + 3600 + 3600 = 6400, அதன் வர்க்கமூலம் சரியாக 80. இணைப்புத் தளத்தின் மேல் தெரியும் இரண்டு தகைவுகள் அந்தப் புள்ளியின் நிலையை முழுமையாகச் சொல்வதில்லை. எந்த அளவுகோலோடு ஒப்பிடப் போகிறோம் என்பதைப் பொறுத்தே இரண்டு போதுமா, மூன்றும் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும்.


கேள்வி கேட்டவரின் தொடர் பதிவு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சாய்முகத்தின் பரப்பு நீள்வதை நான் முற்றிலும் தவறவிட்டிருக்கிறேன். வட்டத்தையும் வரைந்து பார்த்தேன், நீங்கள் சொன்ன இரண்டு புள்ளிகளும் ஒரே உயரத்தில் அமைந்தன.

இந்தக் கணக்கு என்னை ஈர்த்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் இழுவைச் சோதனைக்காக இதேபோன்ற சாய்வான இணைப்புடன் ஒரு மாதிரியைப் பற்றவைத்தோம். சோதனையில் அது நாங்கள் கணக்கிட்டதைவிடக் கணிசமாகக் குறைந்த விசையில் முறிந்துவிட்டது. முறிந்த முகத்தை அளந்தபோது, 10 மில்லிமீட்டர் தடிமனில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே உருகி இணைந்திருந்தது தெரிந்தது. ஒரே பக்கத்திலிருந்துதான் பற்றவைத்திருந்தோம். இத்தகைய இணைப்பில் தகைவுகளை 10 ÷ 7 ஆல் பெருக்கினால் போதுமா? மேலும், ஓரத்தோடு ஓரம் சேர்க்காமல் மூலையில் முக்கோணமாக நிரப்பும் ஃபில்லெட் பற்றவைப்பாக இருந்தால் இதே சாய்தளச் சூத்திரங்கள் பொருந்துமா?


மறுமொழி 3: பற்றவைப்பு ஆய்வாளர்

போதாது. உங்கள் மாதிரி முன்கூட்டியே முறிந்ததற்கு 10 ÷ 7 என்ற விகிதம் ஒரு பகுதிக் காரணம் மட்டுமே.

முதலில் எளிய பகுதி. விசையைத் தாங்கும் தொண்டைத் தடிமன் 7 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 200 × 7 = 1400 சதுர மில்லிமீட்டர். உங்கள் பாடக் கணக்கின் அதே 80 கிலோநியூட்டனுக்குச் செங்குத்துத் தகைவு 28.6 மெகாபாஸ்கல், வெட்டுத் தகைவு 49.5 மெகாபாஸ்கல். பற்றவைப்பின் மேல்முகத்தில் புடைத்து நிற்கும் உலோகத்தைத் தடிமனோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது. அது வலிமைக்கு நம்பத்தக்கதல்ல, மாறாகத் தகட்டோடு சேரும் ஓரத்தில் தகைவைக் குவிக்கவே செய்யும்.

பெரும்பாலோர் தவறவிடுவது அடுத்த பகுதி. மேல்பக்கத்திலிருந்து 7 மில்லிமீட்டர் மட்டும் இணைந்திருந்தால், அந்த உலோகத்தின் பரப்பு மையம் மேல்முகத்திலிருந்து 3.5 மில்லிமீட்டரில் இருக்கிறது. தகட்டின் நடுத்தளமோ 5 மில்லிமீட்டரில் இருக்கிறது. விசை நடுத்தளத்தின் வழியே வருகிறது, தாங்கும் பரப்பின் மையம் 1.5 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. காகிதத்தில் மிகச் சிறியதாகத் தோன்றும் இந்த விலகல் என்ன செய்கிறது என்று பாருங்கள். செங்குத்துக் கூறு 40,000 நியூட்டன். அது 1.5 மில்லிமீட்டர் விலகலில் செயல்படும்போது 60,000 நியூட்டன் மில்லிமீட்டர் வளைவுத் திருப்புத்திறன் உண்டாகிறது. 200 மில்லிமீட்டர் நீளமும் 7 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட செவ்வகத்தின் வெட்டுக்கெழு (வளைவை எதிர்க்கும் திறனின் அளவு), நீளத்தை ஆழத்தின் வர்க்கத்தால் பெருக்கி 6 ஆல் வகுத்தால், 1633 கன மில்லிமீட்டர். ஆகவே வளைவுத் தகைவு 36.7 மெகாபாஸ்கல். நேரடியான செங்குத்துத் தகைவைவிட இதுவே பெரியது.

விசைக்கோடு வேர்ப்பக்கமாக (உருகி இணைந்த பகுதியின் அடிப்பக்கமாக) விலகியிருப்பதால் வேரில் இரண்டும் கூடுகின்றன. அங்கே இழுவை 65.3 மெகாபாஸ்கல். எதிர்முகத்தில் 8.2 மெகாபாஸ்கல் அமுக்கமாக மாறிவிடுகிறது. முழு ஊடுருவல் இணைப்பில் 20 மெகாபாஸ்கலாக இருந்த தகைவு வேரில் மூன்று மடங்குக்கும் மேலாகிவிட்டது. இணையாமல் விடப்பட்ட 3 மில்லிமீட்டர் இடைவெளியின் கூர்முனை அமைந்திருப்பதும் அதே வேரில்தான். விரிசல் தொடங்குவதற்கு இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. வெட்டுக் கூறும் அதே விலகலில் செயல்படுவதால் இணைப்புத் தளத்தில் ஒரு முறுக்கமும் சேர்கிறது. அதை இங்கே நான் எண்ணில் சேர்க்கவில்லை.

ஒரு வரம்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தகடு தன்னிச்சையாக வளைய முடியும், விசைக்கோடு நடுத்தளத்திலேயே நிற்கிறது என்ற அனுமானத்தில் கிடைத்த எண்கள் இவை. சோதனை எந்திரத்தின் தாடைகள் முனைகளைச் சுழலவிடாமல் பிடித்திருந்தாலும், இழுவை கூடக்கூடத் தகடு சற்றே வளைந்து விசைக்கோட்டுக்குள் வர முயன்றாலும், திருப்புத்திறனின் ஒரு பகுதி குறையும். ஆனால் அதை நம்பி வடிவமைப்பில் விலகலைப் புறக்கணிப்பதை நான் ஏற்பதில்லை. இருபக்கமும் சமமாகப் பற்றவைத்திருந்தால், நடுவில் 3 மில்லிமீட்டர் இணையாமல் போயிருந்தாலும் இந்த வளைவு பிறந்திருக்காது.

சாய்வான இணைப்புக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. பற்றவைப்புக் கோடு தகட்டின் விளிம்பைச் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு தகட்டிலும் ஒரு 30 பாகைக் கூர்முனை அமைகிறது. அந்த முனையில் உலோகம் குறைவு என்பதால் வெப்பம் தேங்கி, விளிம்பு உருகி ஒழுகிவிடும், அல்லது பற்றவைக்கும் மின்வில்லை அணைக்கும்போது பள்ளம் விழும். பற்றவைப்பைத் தகட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்கும் வகையில் இரு முனைகளிலும் துணைத் துண்டுகளை வைத்து, பின்னர் அவற்றை அறுத்து எடுத்து விளிம்பைத் தேய்த்துச் சீராக்குவதே முறை. இல்லையெனில் 200 மில்லிமீட்டர் என்று நாம் எழுதும் நீளம் முழுவதும் பயனுள்ள நீளமாக இருக்காது. எந்திரத்தில் ஏற்றும் முன் மாதிரியின் இரு முனைகளையும் பார்த்தீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


மறுமொழி 4: கட்டமைப்பு வடிவமைப்புப் பொறியாளர்

ஃபில்லெட் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அடிப்படைக் கருத்து அதேதான். ஒரு தளத்தைத் தேர்ந்து, விசையை அதற்குச் செங்குத்தாகவும் வழியேயும் பிரித்து, அந்தத் தளத்தின் பரப்பால் வகுக்கிறோம். வேறுபாடு என்னவென்றால், இங்கே சாய்தளம் தகட்டின் சாய்வால் வருவதில்லை, பற்றவைப்பின் முக்கோண வடிவத்தாலேயே வந்துவிடுகிறது. இரு கால்களும் (தகடுகளோடு ஒட்டும் இரு பக்கங்களும்) சமமான ஃபில்லெட்டில் மிகக் குறுகிய வெட்டு 45 பாகையில் இருக்கும். அதன் தொண்டைத் தடிமன் கால் அளவைப் போல 0.707 மடங்கு.

ஓர் எண் எடுத்துக்காட்டு தருகிறேன். ஒரு தகட்டை அடித்தகட்டின் மேல் செங்குத்தாக நிறுத்தி, இருபக்கமும் 8 மில்லிமீட்டர் கால் அளவில், 100 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பற்றவைத்து, மேல்நோக்கி 80 கிலோநியூட்டன் இழுக்கிறோம். ஒவ்வொரு பற்றவைப்புக்கும் 40 கிலோநியூட்டன். தொண்டை 5.66 மில்லிமீட்டர், பரப்பு 566 சதுர மில்லிமீட்டர். அந்த 40 கிலோநியூட்டனைப் பரப்பால் வகுத்தால் 70.7 மெகாபாஸ்கல். தொண்டைத் தளம் விசைக்கு 45 பாகையில் இருப்பதால் இது சரிசமமாகப் பிரிந்து, செங்குத்துத் தகைவு 50, பற்றவைப்பின் நீளத்துக்குக் குறுக்கான வெட்டுத் தகைவு 50 என்று ஆகிறது. தொண்டையின் பரப்பாலேயே வகுத்துவிட்டதால் இங்கே பரப்பை மீண்டும் நீட்டக் கூடாது. முன்பு நீட்டாமல் விட்டது பிழை, இங்கே இரண்டாம் முறை நீட்டுவது பிழை.

ஐரோப்பிய எஃகுக் கட்டமைப்பு நெறிமுறையான யூரோகோட் 3 இன் 1-8 ஆம் பகுதியில் உள்ள திசைவழி முறை, இத்தகைவுகளைச் சேர்க்கும்போது செங்குத்துத் தகைவின் வர்க்கத்தோடு, குறுக்கு வெட்டுத் தகைவு, நெடுக்கு வெட்டுத் தகைவு ஆகியவற்றின் வர்க்கங்களைப் போல மும்மடங்கைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கச் சொல்கிறது. இங்கே விடை 100 மெகாபாஸ்கல். அதே 40 கிலோநியூட்டன் பற்றவைப்பின் நீளவாக்கிலேயே செயல்பட்டால், 70.7 முழுவதும் நெடுக்கு வெட்டுத் தகைவாகி, சேர்க்கை மதிப்பு 122.5 ஆகிறது. விசை தகட்டின் தளத்துக்குள்ளேயே சாய்ந்து, பற்றவைப்புக் கோட்டுடன் 60 பாகையில், பரப்பு மையத்தின் வழியே சென்றால், குறுக்கே 34.64 கிலோநியூட்டனும் நெடுக்கே 20 கிலோநியூட்டனும் பிரிந்து, தொண்டையில் 43.3, 43.3, 35.4 என்ற மூன்று தகைவுகள் வருகின்றன. சேர்க்கை 106.1. ஆக, ஃபில்லெட் பற்றவைப்பு குறுக்கு விசையில் வலுவாகவும் நெடுக்கு விசையில் அதைவிடத் தளர்வாகவும் இருக்கிறது. இந்த முறையின்படி வேறுபாடு 1.22 மடங்கு. அமெரிக்க எஃகுக் கட்டுமான நெறிமுறை தரும் கோணப் பெருக்கி, நேர்க்குறுக்கு விசைக்கு 1.5 மடங்கு வரை அனுமதிக்கிறது. திசையைப் பற்றி ஐயம் இருந்தால், எல்லா விசையையும் வெட்டு விசையாகவே கருதித் தொண்டைப் பரப்பால் வகுத்துவிடும் எளிய முறை பாதுகாப்பான பக்கத்தில் நிற்கும்.

பற்றவைப்பின் அச்சு வழியேயான செங்குத்துத் தகைவை இந்த முறை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நான் முன்பு வலியுறுத்திய மூன்றாம் தகைவை இங்கே விட்டுவிடுவது முரணாகத் தோன்றக்கூடும். ஆனால் இந்தச் சேர்க்கை மதிப்பை ஒப்பிடுவது எஃகின் இழுவிளைவு எல்லையோடு (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவோடு) அல்ல, அறுதி வலிமையிலிருந்து (முறியுமுன் தாங்கும் உச்சத் தகைவிலிருந்து) வருவித்த ஒரு வரம்போடு. அதற்கான கெழுக்கள் இந்த மூன்று கூறுகளுக்கென்றே வகுக்கப்பட்டவை. ஒரு நெறிமுறையின் தகைவையும் இன்னொரு நெறிமுறையின் வரம்பையும் கலக்காமல் இருந்தால் போதும்.


மறுமொழி 5: அழுத்தக் கலன் வடிவமைப்பாளர்

சாய்வான பற்றவைப்பு அன்றாடம் உண்மையாகவே பயன்படும் இடம் சுருள் பற்றவைப்புக் குழாய் (எஃகுப் பட்டையைச் சுருளாகச் சுற்றி, ஓரங்களைப் பற்றவைத்துச் செய்வது) என்பதால் அதையும் சேர்க்கிறேன். அங்கே இரண்டு திசைகளிலும் தகைவு இருப்பதால், ஒற்றை அச்சுச் சூத்திரம் செல்லாது.

உள் ஆரம் 500 மில்லிமீட்டர், சுவர்த் தடிமன் 10 மில்லிமீட்டர், முனைகள் மூடிய உருளை, உள் அழுத்தம் 1.6 மெகாபாஸ்கல் என்று கொள்ளுங்கள். வளையத் தகைவு (குழாயின் சுற்றளவுத் திசையில்) 1.6 × 500 ÷ 10 = 80 மெகாபாஸ்கல், நெடுக்குத் தகைவு (குழாயின் அச்சுத் திசையில்) அதில் பாதி, 40. சுருள் பற்றவைப்பு குழாயின் அச்சுடன் 60 பாகையில் ஓடினால், அதன் மேல் செங்குத்துத் தகைவு 80 × 0.25 + 40 × 0.75 = 50 மெகாபாஸ்கல், வெட்டுத் தகைவு இரண்டின் வேறுபாடான 40 ஐ 0.433 ஆல் பெருக்கினால் 17.3 மெகாபாஸ்கல். இங்கும் முதல் மறுமொழியில் சொன்ன எல்லைச் சோதனை உதவும். அச்சுக்கு இணையான நேர்மடிப்பு (நேர்க்கோட்டுப் பற்றவைப்பு) என்றால் இணைப்பைத் திறப்பது முழு வளையத் தகைவு, ஆகவே 0 பாகையில் 80 வர வேண்டும். தட்டையான தகட்டில் இதே 0 பாகைக்குத் தகைவு 0 வந்தது. ஒரு கணக்கின் சூத்திரத்தை மற்றொன்றில் அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

நேர்மடிப்பில் 80 ஆக இருப்பது சுருளில் 50 ஆகக் குறைவது ஆதாயம்தான். ஆனால் சுருள் முறையின் முதன்மையான ஆதாயம் உற்பத்தியில் இருக்கிறது. சுருட்டும் கோணத்தை மாற்றினாலே ஒரே அகலமுள்ள பட்டையிலிருந்து வெவ்வேறு விட்டமுள்ள குழாய்களைச் செய்யலாம். பட்டையின் அகலம் குழாயின் சுற்றளவைக் கோணத்தின் கோசைனால் பெருக்கியது என்பதால், மேற்கண்ட குழாய்க்குச் சுமார் 1.6 மீட்டர் அகலப் பட்டை தேவைப்படும். அதற்கு ஈடாகப் பற்றவைப்பின் நீளம் நேர்மடிப்பைப் போல இரு மடங்காகிறது, ஆய்வு செய்ய வேண்டிய நீளமும் அப்படியே.


கேள்வி கேட்டவரின் இறுதிப் பதிவு

அனைவருக்கும் நன்றி. பாடக் கணக்கை மூன்று வழிகளிலும் செய்து முடித்துவிட்டேன். விசையைப் பிரித்தும், சரியான கோணத்துடன் சூத்திரத்தை இட்டும், வட்டத்திலும் 20, 34.64 என்றே வந்தது.

பற்றவைப்பு ஆய்வாளர் ஐயா கேட்டதற்காக இன்று ஆய்வகத்துக்குச் சென்று முறிந்த மாதிரியை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். துணைத் துண்டுகள் எதுவும் வைக்கவில்லை. இரு முனைகளிலும் பள்ளம் இருக்கிறது. ஒரு முனையில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு இணைப்பே இல்லை. உடைந்த முகத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, கோடுகள் எல்லாம் வேர்ப்பக்கத்திலிருந்து மேல்முகத்தை நோக்கிப் பரவியிருந்தன. மேல்முகத்தை ஒட்டிய மெல்லிய பட்டை மட்டும் கடைசியாகக் கிழிந்தது போல நார்நாராக நிற்கிறது. அடுத்த மாதிரியை இருபக்கமும் பற்றவைத்து, முனைகளில் துணைத் துண்டுகளும் வைத்து, இதே கோணத்தில் செய்ய ஆசிரியரிடம் அனுமதி பெற்றுவிட்டேன். முடிவு வந்ததும் முறிவு விசையையும் அளந்த தொண்டைத் தடிமனையும் இங்கேயே பதிகிறேன்.